63 ஆம்ப் ஃபியூஸ் போட்ட பிறகு போவதே இல்லை, அப்படியானால் சரியாகிவிட்டதா?

கேள்வி: எட்டு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. சங்கச் செயலாளர் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. தரைத்தளத்து மீட்டர் அறையிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் பிவிசி வயர் போகிறது. எட்டு வீட்டு வயர்களும் ஒரே டிரங்கிங்குக்குள் (மூடி போட்ட நீளமான தகரப் பெட்டி) ஷாஃப்ட் வழியாக ஏறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே 32 ஆம்ப் ஹெச்ஆர்சி ஃபியூஸ்; மெயினில் ஃபேஸுக்கு 100 ஆம்ப். கட்டடத்துக்கு 22 வயது. கோடையில் மேல்மாடி வீடு ஒன்றுக்கு மட்டும் இரவில் அடிக்கடி ஃபியூஸ் போனது. எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தார். 34 ஆம்ப் காட்டியது. "32 பத்தாது சார்" என்று ஃபியூஸ் உட்காரும் பேஸையும் மாற்றி 63 ஆம்ப் போட்டுக் கொடுத்தார். மூன்று மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது மற்ற வீட்டுக்காரர்களும் தங்களுக்கும் அதேபோல மாற்றித் தரச் சொல்கிறார்கள். வீட்டு டிபியில் (ஸ்விட்சுகளெல்லாம் இருக்கும் விநியோகப் பெட்டி) 40 ஆம்ப் மெயின் ஸ்விட்ச் இருப்பதால் பயமில்லை என்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றலாமா? இன்னொன்று, சில இரவுகளில் டிரங்கிங் மூடியைத் தொட்டால் சூடாக இருக்கிறது.

பதில்: மாற்ற வேண்டாம். ஏற்கெனவே மாற்றிய அந்த ஒன்றையும் இன்றைக்கே 32-க்கு இறக்கச் சொல்லுங்கள்.

மூடி சூடாக இருப்பதைப் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. வெளியே தகர மூடியில் கைக்குத் தெரிகிற அளவு சூடு என்றால், உள்ளே கட்டுக்கு நடுவில் இருக்கும் வயருக்கு என்ன சூடு என்று யோசித்துப் பாருங்கள்.

மீட்டர் அறையில் இருக்கும் அந்த ஃபியூஸ் வீட்டிலுள்ள ஏசிக்கோ ஹீட்டருக்கோ காவல் இல்லை. கீழேயிருந்து மேலே போகும் வயருக்குத்தான் அது காவல். லோடு 34 ஆம்ப் எடுக்கிறது, அதனால் ஃபியூஸைப் பெரிதாக்கு என்பது தலைகீழ்க் கணக்கு. முதலில் வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ் அதற்குள் அடங்க வேண்டும். லோடு அந்த ஃபியூஸுக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் மாற வேண்டியது வயர்.

சரி, உங்கள் 6 ஸ்கொயர் எவ்வளவு தாங்கும்? ஐஇசி 60364 என்ற சர்வதேச வயரிங் விதித்தொகுப்பின் அட்டவணையைப் பிரித்தால், பைப்பிலோ டிரங்கிங்கிலோ போகும் 6 ஸ்கொயர் காப்பர் பிவிசி வயருக்கு 41 ஆம்ப் என்று இருக்கும். பெரும்பாலான எலக்ட்ரீஷியன்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்ணும் இதை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அந்த 41-க்குப் பின்னால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. சுற்றியுள்ள காற்று 30 டிகிரி இருக்க வேண்டும். அந்தப் பாதையில் வேறு சர்க்யூட் எதுவும் கூட வரக் கூடாது. உங்கள் ஷாஃப்டில் இரண்டுமே கிடையாது. மூடிய ஷாஃப்டுக்குள் கோடை இரவில் 40 டிகிரி என்று வைத்துக்கொள்வது நியாயம். பிவிசிக்கு அதற்கான குறைப்பு 0.87. எட்டு சர்க்யூட் ஒரே கட்டாகப் போவதற்கான குறைப்பு 0.52. பெருக்கிப் பாருங்கள்: 41 × 0.87 × 0.52. பதினெட்டரை ஆம்ப்.

ஆமாம், 18.5 தான். எட்டு வீடும் ஒரே நேரத்தில் முழு லோடில் இருந்தால், ஒவ்வொரு வயரும் காலமெல்லாம் தாங்கக்கூடியது அவ்வளவுதான். அதாவது 22 வருடத்துக்கு முன்பு போட்ட 32 ஆம்ப் ஃபியூஸே இந்தக் கணக்குக்குப் பெரிது. அன்றைக்கு வீட்டுக்கு ஒரு ஏசி இருந்தாலே அதிகம். எட்டு அல்லது பத்து ஆம்புக்கு மேல் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அதனால் அந்தத் தப்பு இத்தனை நாள் வெளியே தெரியவில்லை. இன்று மூன்று ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு, வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷின்.

"அப்படியானால் இத்தனை நாள் ஏன் எரியவில்லை?" என்று உங்கள் எலக்ட்ரீஷியன் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும். எட்டு வயரிலும் 18.5 ஆம்ப் ஓடினால், கட்டில் பிறக்கும் மொத்தச் சூட்டை 8 × 18.5 × 18.5, ஏறக்குறைய 2,740 என்று ஒரு அளவாக வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு வீடு 34 எடுக்கிறது, மற்ற ஏழும் 12 எடுக்கின்றன என்றால், 1,156 + 1,008 = 2,164. மொத்தச் சூடு எல்லைக்குள்தான் இருக்கிறது. அந்த ஒரு வயர் மட்டும் அக்கம்பக்கத்தை விடச் சூடாக ஓடுகிறது, அவ்வளவுதான். இனி மற்றவர்கள் கேட்கிறபடி எல்லாருக்கும் 63 போட்டுக் கொடுத்து, ஒரு மே மாத இரவில் எட்டு வீடும் 34 எடுத்தால்? 9,248. தாங்க வேண்டியதைப் போல 3.4 மடங்கு. 40 டிகிரி ஷாஃப்டில் 30 டிகிரி மட்டுமே ஏறி 70-இல் நிற்க வேண்டிய வயர், நூறு டிகிரி ஏறி 140-இல் நிற்கும். பிவிசிக்கு 70 தான் நிரந்தர எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இன்சுலேஷனின் ஆயுள் சுமாராகப் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் கைக்கணக்கு.

இப்படி ஒரு ஷாஃப்டை நான் திறந்து பார்த்திருக்கிறேன். மேலே டிபி பக்கம் வயர் புதிதுபோல இருந்தது. கீழே ஃபியூஸ் பக்கமும் குறை சொல்ல முடியாது. முதல் மாடித் தளத்தை ஓட்டை போட்டுக் கடக்கும் இடத்தில், யாரோ தீத்தடுப்புக்காகச் சிமென்ட் கலவை வைத்து இறுக அடைத்திருந்தார்கள். அந்த ஒரு முழ நீளத்தில் வயரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பேறிய ஒரே கட்டையாகிவிட்டிருந்தது. விரலால் பிரிக்கப் பார்த்தால் இன்சுலேஷன் பிஸ்கட் போல உடைந்தது. வயரின் தாங்குதிறனை இரண்டு முனையில் பார்த்துச் சொல்ல முடியாது. அது போகும் வழியில் எந்த இடம் மோசமோ, அந்த இடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஷாஃப்டிலும் தளத்தைக் கடக்கும் இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள், சப்ளையை அணைத்துவிட்டு.

அடுத்தது ஃபியூஸ். 63 ஆம்ப் என்று எழுதியிருந்தால் 63-ஐத் தாண்டியதும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுப் பயன்பாட்டுக்கான ஜிஜி வகை ஹெச்ஆர்சி ஃபியூஸ், எழுதியிருக்கும் எண்ணைப் போல 1.25 மடங்கு கரண்டை ஒரு மணி நேரத்துக்குப் போகாமல் தாங்க வேண்டும்; 1.6 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். விதி அப்படி. 63-க்கு இது 79 ஆம்பும் 101 ஆம்பும். உங்கள் 6 ஸ்கொயர் வயரில் 75 ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினாலும் அந்த ஃபியூஸ் கண் திறக்காது.

இதே விதியில் உங்கள் பழைய பிரச்சினைக்கும் ஒரு துப்பு இருக்கிறது. 32 ஆம்ப் ஃபியூஸ் 40 ஆம்ப் வரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். மீட்டரில் பார்த்ததோ 34. 34-க்கு அது போகக் கூடாது. ஒன்று, எலக்ட்ரீஷியன் பார்க்காத நேரத்தில் லோடு 40-ஐத் தாண்டியிருக்கிறது. அல்லது ஃபியூஸ் கேரியரின் பிடிப்பு தளர்ந்து, அங்கே சூடாகி, அந்தச் சூட்டில் ஃபியூஸ் போயிருக்கிறது. கழற்றிய பழைய கேரியர் கிடைத்தால் செம்பு நாக்குகளைப் பாருங்கள். கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் பாதிக் குற்றவாளி அதுதான். ஒரு ஸ்க்ரூவை முறுக்கியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு ஃபியூஸைப் பெரிதாக்கிய கதைகள் நிறைய உண்டு.

லோடைப் பொறுத்தவரை ஒரே ஒரு தடவை கிளாம்ப் மாட்டிப் பார்த்தது போதாது. ஒரு வாரம், மாலை 7 முதல் 11 வரை, அரை மணிக்கு ஒருமுறை எட்டு வயரையும் எழுதி வையுங்கள். அதிகபட்சத்தைப் பிடித்து வைக்கும் வசதியுள்ள மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி "மேலே 40 ஆம்ப் மெயின் ஸ்விட்ச் இருக்கிறது" என்ற வாதம். இதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். நடுவில் எங்கும் கிளை எடுக்காத வயருக்கு, ஓவர்லோடுக் காவலை மேல் முனையில் வைக்க விதியில் இடம் உண்டு. மேலே 40 ஆம்ப் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்ச்) இருந்தால் அந்த வயரில் நெடுநேரம் ஓடக்கூடிய கரண்டை அது கட்டிப்போடும்; கீழே உள்ள ஃபியூஸ் ஷார்ட் சர்க்யூட்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அந்த ஸ்விட்சைக் கிட்டப் போய்ப் பாருங்கள். 40 என்ற எண்ணுக்கு முன்னால் சி அல்லது பி என்று ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அது எம்சிபி. எழுத்தே இல்லாமல் வெறும் 40 ஆம்ப் என்றிருந்தால் அது பெரும்பாலும் ஐசொலேட்டர். பார்க்க எம்சிபி மாதிரியே இருக்கும், அதே அகலம், அதே நெம்புகோல். கையால் அணைத்தால் அணையும். தானாக ஒருநாளும் டிரிப் ஆகாது. அந்த 40 என்பது அது தாங்கும் அளவு. தடுக்கும் அளவு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் ஃபியூஸ் போனபோதெல்லாம் மேலே ஸ்விட்ச் விழாமல் கீழேதான் போயிருக்கிறது. என் ஊகம், அது ஐசொலேட்டர்தான். ஒருவேளை எம்சிபியாகவே இருந்தாலும் 18.5 தாங்கும் வயருக்கு 40 காவலாகாது என்பது வேறு விஷயம்.

அப்புறம், அந்த ஸ்விட்ச் எதுவாக இருந்தாலும் அதற்குக் கீழே, ஷாஃப்டுக்குள் நடக்கும் கோளாறை அது தடுக்கவே முடியாது. வீட்டு டிபியில் இருக்கும், எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் விழும் ஆர்சிசிபியாலும் முடியாது. அங்கே தரைத்தளத்து ஃபியூஸ் ஒன்றுதான் கதி. எலி கடித்தோ, சுவரில் துளையிட்ட டிரில் பட்டோ, மேல்மாடிக்குப் பக்கத்தில் ஃபேஸ் வயர் எர்த்தில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தூரம் 40 மீட்டர். ஃபேஸ் 6 ஸ்கொயர், எர்த் 2.5 ஸ்கொயர். பழைய கட்டடங்களில் எர்த்தைச் சின்னதாகத்தான் இழுத்திருப்பார்கள், உங்களுடையதைப் பார்த்துச் சொல்லுங்கள். மீட்டருக்கு மீட்டர் 3.08 மில்லி ஓமும் 7.41 மில்லி ஓமும் சேர்ந்து, 40 மீட்டருக்கு 0.42 ஓம், வயர் சூடாக இருக்கும்போது 0.50. வெளியிலிருந்து வரும் பாதைக்கு 0.35 ஓம் என்று கொண்டால் மொத்தம் 0.85. 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 270 ஆம்ப்.

270 ஆம்ப் என்பது கேட்கப் பெரிய எண். ஆனால் 63 ஆம்ப் ஃபியூஸ் 5 வினாடிக்குள் போக ஏறக்குறைய 280 ஆம்ப் வேண்டும். ஆக 5 வினாடி கழிந்தும் அது உட்கார்ந்திருக்கும். எர்த் வயர் எவ்வளவு நேரம் தாங்கும்? பிவிசி காப்பருக்கு உரிய 115 என்ற மாறிலியை 2.5-ஆல் பெருக்கி, 270-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்தால் 1.13 வினாடி. அதற்குள் அதன் இன்சுலேஷன் 160 டிகிரி என்ற கடைசி எல்லையைத் தொட்டுவிடும். ஃபியூஸ் போவதற்கு முன்னால் எர்த் வயர் போய்விடும், பக்கத்தில் இருக்கும் மற்ற வீட்டு வயர்களையும் இழுத்துக்கொண்டு. அத்தனை நேரமும் மேல்மாடி வீட்டில் எர்த் செய்யப்பட்ட எல்லா உலோக உடம்பிலும் ஆபத்தான வோல்டேஜ் இருக்கும். பழைய 32 ஆம்ப் ஃபியூஸாக இருந்தால்? 5 வினாடிக்குள் போக அதற்கு 125 ஆம்பே போதும். 270-க்கு அரை வினாடிகூட ஆகாது. எர்த் வயர் பிழைத்துக்கொள்ளும்.

எண்கள் உங்கள் கட்டடத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும். அதனால் ஃபேஸும் எர்த்தும் சேர்ந்த முழுப் பாதையின் தடையை அளக்கும் லூப் இம்பிடன்ஸ் மீட்டர் வைத்து மேல்மாடி டிபியில் நிஜமாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. இதை அளக்காமல் ஃபியூஸ் அளவை மாற்றுகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

வயர் நிஜமாகவே 6 ஸ்கொயர்தானா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வரைபடத்தில் எழுதியிருப்பதும் பைப்புக்குள் போயிருப்பதும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. சப்ளை அணைந்த நிலையில் நுனியில் இழைகளை எண்ணுங்கள். ஏழு இழை, ஒவ்வொன்றும் 1.04 மில்லிமீட்டர் என்றால் 6 ஸ்கொயர். அதே ஏழு இழை 0.85 மில்லிமீட்டர் என்றால் 4 ஸ்கொயர். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, மைக்ரோமீட்டர் வேண்டும். வெள்ளி நிறமாக இருந்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே செம்பு தெரிந்தால் வெள்ளீயம் பூசிய காப்பர். தெரியாவிட்டால் அலுமினியம், தாங்குதிறன் இன்னும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

இப்போது தீர்வு. எல்லாரும் முதலில் சொல்வது, "வயரைப் பெரிதாக்கு". அதே டிரங்கிங்கில் 16 ஸ்கொயர் இழுத்தால் என்ன கிடைக்கும்? 76 × 0.87 × 0.52 = 34 ஆம்ப். அவ்வளவு செம்பைக் கொட்டியும், இன்றைக்கு ஓடும் லோடைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அதற்குப் பதில் டிரங்கிங்கை எடுத்துவிட்டு, துளையுள்ள கேபிள் டிரேயில் உறை போட்ட கேபிள்களை ஒரே வரிசையாகப் பதித்தால் குறைப்பு 0.52-இலிருந்து 0.72 ஆகிவிடும், காற்று படுவதால் அடிப்படை எண்ணும் கூடும். 10 ஸ்கொயருக்கே 70 × 0.87 × 0.72 = 44 ஆம்ப். சின்ன கேபிள் காற்றாடப் போனால், பெட்டிக்குள் நெருங்கிக் கிடக்கும் பெரிய வயரை விட அதிகம் தாங்குகிறது. செலவைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேசும்போது இந்த ஒரு கணக்கை மட்டும் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

ஆனாலும் உங்களுக்கு நான் 10-ஐச் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு காரணம். 40 ஆம்ப் ஜிஜி ஃபியூஸ் 64 ஆம்பில்தான் நிச்சயமாகப் போகும். விதிப்படி அந்த எண் கேபிளின் தாங்குதிறனைப் போல 1.45 மடங்குக்குள் இருக்க வேண்டும்; 10 ஸ்கொயருக்கு அது 63.5. மயிரிழையில் தவறுகிறது. ஃபியூஸுக்குப் பதில் 40 ஆம்ப் எம்சிபி வைத்தால் 58-இலேயே விழும், தேறிவிடும். இரண்டாவது, வோல்டேஜ் இறக்கம். 40 மீட்டருக்கு 34 ஆம்பில் இப்போதைய 6 ஸ்கொயரில் 9.9 வோல்ட் இறங்குகிறது, 4 சதவீதத்துக்கு மேல். மேல்மாடியில் கீசர் போட்டால் விளக்கு மங்குகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். விளக்குக்கு 3, மற்றதற்கு 5 சதவீதம் என்பதுதான் வழக்கமான எல்லை, அதற்குள் வீட்டுக்குள் ஓடும் வயரிங்குக்கும் பங்கு வேண்டும். அதனால் ஷாஃப்ட் கேபிளுக்கு 2 சதவீதத்துக்கு மேல் நான் கொடுப்பதில்லை. 10 ஸ்கொயரில் அது 30 மீட்டர் வரைதான் வரும்.

ஆகவே டிரேயில் எட்டுக்கும் 16 ஸ்கொயர், எர்த் 10 ஸ்கொயர், கீழே 40 ஆம்ப் ஃபியூஸ். கேபிள் 59 ஆம்ப் தாங்கும், கணக்கு எல்லாம் தாராளமாகத் தேறும். கீழ் மாடிகளுக்கு 10 ஸ்கொயரும் எம்சிபியும் போதும் என்று யாராவது வாதிட்டால் அது தப்பில்லை. எக்ஸ்எல்பிஇ கேபிள் 90 டிகிரி வரை தாங்கும், சின்ன சைஸ் போதும் என்றும் சொல்வார்கள். கேபிள் தாங்கும், அது போய் இறங்கும் ஸ்விட்சும் ஃபியூஸ் பேஸும் பெரும்பாலும் 70 டிகிரிக்குத்தான் செய்யப்பட்டவை. எக்ஸ்எல்பிஇ போடுங்கள், ஆனால் அளவை பிவிசி கணக்கில் எடுங்கள்.

மெயினை மறந்துவிடாதீர்கள். எட்டு வீட்டை மூன்று ஃபேஸில் பிரித்தால் ஒரு ஃபேஸில் மூன்று வீடு வரும். மூன்றும் 34 எடுத்தால் 102 ஆம்ப். உங்கள் மெயின் 100. அதோடு, மேல் ஃபியூஸும் கீழ் ஃபியூஸும் 1.6 மடங்காவது வித்தியாசப்பட வேண்டும். 63-க்கு 100 என்பது அந்த விளிம்பில்தான் நிற்கிறது. ஒரு வீட்டில் ஷார்ட் ஆனால் மூன்று வீடு இருட்டாகலாம். 40-க்கு 100 பிரச்சினை இல்லை. கூடுதல் லோடுக்கு மின் விநியோகம் தருபவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். கேபிள் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வேலை முடியும்வரை அந்த மேல்மாடி வீட்டுக்காரரிடம் பேசி, கீசரையும் அடுப்பையும் மூன்று ஏசியோடு சேர்த்துப் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். 20 ஆம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. அதற்குப் பிறகும் மூடி சூடாக இருந்தால் அந்த வீட்டு லைனை அணைத்துவிட்டு உள்ளே பார்க்க வேண்டியதுதான், புது கேபிள் வரும்வரை காத்திருக்க முடியாது. புது வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஃபியூஸுக்குக் கீழும் "கேபிள் 16 ஸ்கொயர், ஃபியூஸ் 40 ஆம்ப், இதற்கு மேல் போடாதே" என்று ஒரு சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த கோடையில் வருகிற எலக்ட்ரீஷியன் வேறு ஆளாக இருப்பார்.